முறிகண்டியில் நிற்காத வான்

வீரகத்தியின் வலது தோள்பட்டை கழன்று விழுவதுபோல வலித்தது.

வலிக்காமல் என்ன செய்யும்? அறுபத்து நான்கு வயது. பவர் ஸ்ரேறிங் இல்லாத கிழட்டு டொல்பின் வான். கண்டாவளையிலிருந்து பரந்தன் வரைக்கும் குழி தவறாத ரோட்டு.

பத்து வருடமாக இந்த ஸ்ரேறிங்கோடு மல்லுக்கட்டியவன் டிரைவர் நிரஞ்சன். அவனை நேற்றுப் பின்னேரம் பொலிஸில் பிடித்துக் கொடுத்தவர் வீரகத்தி.

ஆகவே இன்று வானும் அவருடையது... வலியும் அவருடையது!

சந்தியில் வளைத்தார்.

கட... கட... கடகட...

"சனியன்," என்றார்.

பின் சீற்றில் அவருடைய மனைவி கமலாசனி, கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு வெளியே பார்த்தாள். பொலிஸில் அவள் கையெழுத்துப் போடவேண்டும். அலுமாரியிலிருந்து காணாமல் போன பதினொரு பவுண் தாலிக்கொடி அவளுடையது. வீட்டில் அவள் கழுத்தில் கிடப்பது மெல்லிய சங்கிலி. கொடி கல்யாண வீடுகளுக்கு மட்டும் வெளியே வரும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அலுமாரியைத் திறந்து, கொடியைக் கண்ணாலே பார்த்துவிட்டுப் பூட்டுவது வீரகத்தியின் வழிபாடு. இந்த ஞாயிறு கொடி இல்லை!

அதற்கு முந்திய வியாழன் நிரஞ்சன் அவரை வவுனியாவுக்குக் கூட்டிப் போய் வந்தான். அன்றுதான் ஸ்ரேறிங்கில் இந்தச் சத்தமும் தொடங்கியது.

கொடிக்கும் அவன்தான் காரணம், சத்தத்துக்கும் அவன்தான் காரணம் என்றார் வீரகத்தி.

பாதி சரி.

எந்தப் பாதி என்பதில்தான் ஒருவன் மறியல் சிறைக்குப் போவதும் போகாததும் இருந்தது...

பரந்தனில் சுகிர்தனின் கராஜ். சுகிர்தனுக்குத் தெரியாத சத்தம் உலகத்தில் கிடையாது. அவன் நிறுத்திய சத்தமும் கிடையாது.

முதலில் ரை ரொட் என்ட் என்றான். மாற்றினான். கடகட. பிறகு புஷ் தேய்ந்துவிட்டது என்றான். மாற்றினான். கடகட. இன்று முன் சில்லைக் காலால் இரண்டு தரம் உதைத்துவிட்டு, நாடி பார்த்த வைத்தியர் மாதிரி நிமிர்ந்தான்.

"அண்ணை, இது ஸ்ரேறிங் பெட்டி. முழுசா மாத்தவேணும்."

"அண்டைக்குப் புஷ் எண்டெல்லே சொன்னனீ?"

"அண்டைக்கு அதுவும் பழுதுதான். இப்ப இது."

"நாளைக்கு நானும் பழுதெண்டு சொல்லுவாய்."

"தோளைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறதைப் பாத்தால்..." சுகிர்தன் இழுத்தான். "அதுக்கும் சாமான் வரவேணும் அண்ணை."

வீரகத்தியின் போன் அலறியது.

மறுமுனையில் சார்ஜன்ட் பிரியந்தினி. எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டாள். சொன்னார். வானை அங்கேயே விடுங்கள், யாரும் கை வைக்க வேண்டாம், வருகிறேன் என்றாள்.

வைத்துவிட்டாள்!

அரை மணித்தியாலத்துக்கு முன்னர் பொலிஸ் நிலையத்தில் நடந்தது இது.

நிரஞ்சனுடைய குடிசையை இரண்டு தடவை கிண்டியாயிற்று. அகப்பட்டது அரிசி வாளியும் பிள்ளையின் பால்மாவும். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். 'உவங்களை நம்பேலாது' என்று வீரகத்தி எழுதிக் கொடுக்காத குறை. பத்து வருடம் அவன் ஓட்டிய வானுக்குள் வாயைப் பிளந்து நித்திரை கொண்ட மனுசன்!

பின்னேரம் நீதவான் முன்னால் நிறுத்தவேண்டும். பிறகு மறியல். நிரஞ்சனின் மனைவி சுமித்திரா, கைக்குழந்தையோடு காலையிலிருந்து பொலிஸ் வாசல் கேற்றடியில் நின்றாள்.

கொடியைப் பற்றி என்ன கேட்டாலும், "எனக்குத் தெரியாதுங்க," என்பதோடு முடித்தான் நிரஞ்சன். பிரியந்தினி எழும்பும்போது மட்டும் வாயைத் திறந்தான்.

"மேடம்... வான்ல அந்தச் சத்தம் இன்னும் வருதுங்களா?"

பிரியந்தினி நின்றாள்.

மறியலுக்குப் போகிறவன் பெண்சாதியைக் கேட்பான். பிள்ளையைக் கேட்பான். லோயரைக் கேட்பான்.

ஸ்ரேறிங் சத்தத்தை எவன் கேட்பான்?

பிரியந்தினி மோட்டார் சைக்கிளைக் கராஜ் வாசலில் நிறுத்தினாள்.

"வாங்கோ பிள்ளை," என்றார் வீரகத்தி.

"பிள்ளை வீட்டில. இஞ்ச சார்ஜன்ட். சத்தம் எப்ப துவங்கினது?"

வியாழன் என்றார். போகும்போது இல்லை, திரும்பி வரும்போது முறிகண்டி தாண்டின பிறகுதான் என்றார். அது போதாதென்று டிரைவரின் திமிரையும் சேர்த்துச் சொன்னார்.

"கழட்டிப் பாக்கோணும் எண்டு நான் சொல்ல, அவர் எனக்குப் படிப்பிக்கிறார். 'வேணாங்கய்யா, அடுத்த வவுனியா ஓட்டத்தோட தானா நின்னுடும்' எண்டு. எப்பிடி இருக்கு கதை?"

"தானா நிக்குமோ?" பிரியந்தினி சுகிர்தனைப் பார்த்தாள். "வவுனியாவுக்குப் போனால் தானா நிக்கிற சத்தம் எது?"

உலகத்துச் சத்தமெல்லாம் தெரிந்த சுகிர்தன் தன் செருப்பைப் பார்த்தான்.

"அண்டைக்கு வழியில எங்க நிண்டனியள், ஐயா?"

"எங்கயும் நிக்கேல்லை."

"முறிகண்டியில?"

"அங்கயும் நிக்கேல்லை. போகேக்க ஒருக்கா, வரேக்க ஒருக்கா, அவன் பிறேக்கில காலை வைச்சவன். ஓட்டடா எண்டு நான் நிப்பாட்ட விடேல்லை."

சுகிர்தன் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

ஏ-ஒன்பது வீதியில் முறிகண்டிப் பிள்ளையாரைத் தாண்டும் வாகனம் நிற்கும். கொழும்பு பஸ் நிற்கும். மாட்டு லொறி நிற்கும். தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, கச்சான் கடலைச் சரை ஒன்றும் வாங்கிக்கொண்டுதான் நகரும். கடவுள் இல்லை என்கிறவர்கூடக் கச்சானுக்காக நிற்பார்.

வீரகத்தி இரண்டு வருடமாக நிற்பதில்லை. கேட்டால், நின்று எடுத்தால் டீசல் வீண் என்பார்.

வானுக்குள் பொத்தென்று ஒரு சத்தம்.

கமலாசனியின் கைப்பை கீழே விழுந்திருந்தது.

பிரியந்தினி அதையும் பார்த்தாள். டிரைவர் சீற்றில் ஏறி உட்கார்ந்தாள். என்ஜினை இயக்கவில்லை. ஸ்ரேறிங்கைத் திருப்பவுமில்லை. அதன் தண்டைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் கவரில் முஷ்டியால் ஒரு குத்து விட்டாள்.

கட!

இன்னொரு குத்து.

கடகட!

"மெக்கானிக்," என்றாள். "சில்லு அசையேல்லை. பெட்டி அசையேல்லை. சத்தம் மட்டும் வருது. நீங்கள் கீழ படுத்து என்ன தேடினனீங்கள்?"

"அது... வெறும் கவர் மேடம்."

"அந்த வெறும் கவரைக் கழட்டுங்கோ."

நான்கு ஆணி. சுகிர்தன் கழற்றினான். கவர் கையோடு வந்தது. உள்ளே எட்டிப் பார்த்தவன் கையைச் சுட்டதுபோல இழுத்துக்கொண்டான்.

தண்டுக்கும் கவருக்கும் நடுவில் இறுகிக் கிடந்தது...

ஒரு மஞ்சள் துணி முடிச்சு!

"நேர்த்தி முடிச்சு மேடம். நான் தொடமாட்டன்."

வீரகத்தியும் ஒரு அடி பின்னால் போனார். இந்தப் பக்கத்தில் பூட்டை உடைப்பான், பம்ப் களவெடுப்பான், மாட்டையும் அவிழ்ப்பான். சாமிக்கு நேர்ந்து கட்டிய முடிச்சை மட்டும் கள்ளனும் அவிழ்க்கமாட்டான்.

"பாவம் என்னில விழட்டும்," என்று சொல்லி பிரியந்தினி பல்லால் முடிச்சை இழுத்தாள்.

துணிக்குள் ஒரு சின்னத் தகரப் பேணி. மூடியைத் திறந்தாள்.

மினுங்கியது!

பாம்புக் குட்டிபோலச் சுருண்டு கிடந்தது, பதினொரு பவுண் தாலிக்கொடி.

வீரகத்திக்கு வலது தோள் சட்டென்று சுகமாகிவிட்டது. அந்தக் கையாலேயே சுட்டிக் காட்டினார்.

"நான் சொன்னனானெல்லே! என்ர வானுக்குள்ளயே ஒளிச்சு வைச்சு, என்னையே காவலுக்குக் கூட்டிக்கொண்டு திரிஞ்சிருக்கிறான். கள்ளன்! இன்னும் என்ன விசாரணை?"

பிரியந்தினி பேணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒளித்து வைத்தவன் சத்தத்தைப் பற்றிப் பொலிஸிடமே கேட்பானா? கேட்கமாட்டான். ஆனால் நீதவான் பார்ப்பது கொடி கிடந்த இடத்தை. அந்த இடம் நிரஞ்சனின் சீற்றுக்கு முன்னால்!

போனை எடுத்தாள். நிலையத்தின் இலக்கத்தை அழுத்தினாள்.

அப்போதுதான் வானுக்குள்ளிருந்து ஒரு குரல். கோபமான குரல்.

"அறுவான்... இதை இன்னும் உண்டியலுக்குள்ள போடேல்லையோ?"

எல்லாத் தலையும் திரும்பியது.

கமலாசனி வாயைப் பொத்தினாள்.

பிந்திவிட்டது!

பிரியந்தினி போனைச் சட்டைப் பைக்குள் வைத்தாள்.

"எந்த உண்டியல், அம்மா?"

அழுகையும் மூக்குறிஞ்சலுமாக எல்லாம் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன் வீரகத்தி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, மனுசன் பிழைத்தால் கொடியையே தருவதாக முறிகண்டியானுக்கு நேர்ந்திருக்கிறாள். மனுசன் பிழைத்தது. பிழைத்ததும் அது சொன்ன முதல் வசனம், ஒப்பறேசன் செய்தது பிள்ளையாரோ டொக்டரோ என்பது. டொக்டருக்கும் ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுக்கவில்லை என்பது வேறு கதை. கோயிலில் நின்றால் பெண்சாதி கடனை ஞாபகப்படுத்துவாள் என்றுதான் வான் நிற்காமல் பறந்தது.

கடைசியில் அவள் கொடியைப் பேணிக்குள் வைத்து, மஞ்சள் துணியில் கட்டி, வியாழன் காலை நிரஞ்சனிடம் கொடுத்தாள். உண்டியலில் போடு, ஐயாவுக்கு மூச்சு விடாதே என்றாள். அவன் இரண்டு தடவை நிறுத்தப் பார்த்தான். முடியவில்லை. முறிகண்டி தாண்டியதும், ஐயா கண்ணயர்ந்த நேரம் பார்த்து, மடியில் இருந்ததை அடுத்த ஓட்டம் வரைக்கும் கிடக்கட்டும் என்று கவர் இடுக்கில் செருகினான்.

கட... கட... கடகட!

"அவன் போட்டிட்டான் எண்டு நினைச்சன்," என்றாள் கமலாசனி.

"அவனைக் கூட்டுக்குள்ள போட்டதும் தெரியும். பிறகேன் வாய் திறக்கேல்லை?"

"இவர் என்னைக் கொன்றுபோடுவார். அவனைப் பிள்ளையார் பாத்துக்கொள்ளுவார் எண்டு..."

"பாத்தவர்தான். வியாழக்கிழமையில இருந்து தட்டிக்கொண்டெல்லே இருக்கிறார். உங்கட வானில ஒருத்தருக்கும் காது இல்லை."

வீரகத்தி பேணிக்குக் கை நீட்டினார். பிரியந்தினி மூடியைச் சாத்தினாள்.

"என்ர சாமான் பிள்ளை."

"சார்ஜன்ட். முறைப்பாடு பொய்யாப் போச்சு, ஐயா. சான்றுப் பொருள் இனிக் கோட்ஸுக்குத்தான். நீதவான் சொல்லுற நாளில வந்து வாங்குங்கோ."

பின்னேரம் நிரஞ்சன் வெளியே வந்தான். முடிச்சுக்குள் என்ன இருந்தது என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"சில்லறைன்னு நெனச்சேங்க," என்றான் பிரியந்தினியிடம். "சாமி காரியம்னு அம்மா சொன்னாங்க. அதான் சொல்லலை."

"சில்லறைக்கு மறியல் போகப் பாத்தனீ. கெட்டிக்காரன்," என்றாள் அவள்.

கேற்றுக்கு வெளியே டொல்பின் வான் நின்றது. வீரகத்தி டிரைவருக்குப் பக்கத்துச் சீற்றில் ஏற்கனவே ஏறி உட்கார்ந்திருந்தார்.

"சரி, சரி. நடந்தது நடந்து போச்சு. ஏறி எடு. எனக்குத் தோள் ஏலாது."

நிரஞ்சன் குழந்தையைச் சுமித்திராவிடமிருந்து வாங்கித் தோளில் சாய்த்தான்.

"தானா நின்னுடும்ங்கய்யா," என்றான்.

பஸ் நிலையத்தை நோக்கி நடந்தார்கள்.

வீரகத்தி முனகிக்கொண்டு டிரைவர் சீற்றுக்கு மாறினார். வளைத்தார். சத்தமே இல்லை! பின்னால் கமலாசனியிடமும் சத்தமில்லை. அந்த வானில் இனி முனகுவதற்கு மிஞ்சியது ஒரு வலது தோள் மட்டுமே.

கொடி கோட்ஸ் பெட்டகத்துக்குள் போனது. வழக்குக்கு முதல் தவணை அடுத்த மாதம். பிறகு இன்னொரு தவணை. பிறகு...

முறிகண்டிப் பிள்ளையாருக்குப் பதினொரு பவுணில் ஒரு தாலிக்கொடி இன்னும் கடன்... பாவம், அவருக்கும் தவணை போட்டாயிற்று!