மேற்படி முந்நூற்றுப் பன்னிரண்டு

மரணத்தின் சந்நிதியில் மனிதர் யாவரும் ஒன்றே என்று பதிவறை வாசலில் சலவைக்கல்லில் பொறித்திருந்தது. கல்லின் கீழ்ப்பாதி முழுக்க உபயதாரரின் பட்டங்கள்.

உள்ளே தனியாக உட்கார்ந்து, நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய வாந்திபேதி ஆண்டின் இறப்புப் பேரேட்டைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தான் தற்காலிக எழுத்தன். அந்த ஆண்டு மேல்தெருவில் செத்தது மூன்று பேர். ஆளுக்கு அரைப்பக்கம் புகழ். மற்றவர்களைத் தெருவின் நல்லொழுக்கமே காத்தது என்று பழைய எழுத்தர் ஓரத்தில் வியந்திருந்தார். மேல்தெருக் கிணறு மேட்டில் இருந்ததையும், அத்தெருச் சாக்கடை கீழ்த்தெருக்காரர்கள் குடித்த குளத்தில் விழுந்ததையும் அவர் வியக்கவில்லை. கீழ்த்தெருவுக்குப் பெயர்க் கட்டத்தில் ‘கூலியாள்’ என்று ஒரு வரி. அதன்கீழ் முந்நூற்றுப் பன்னிரண்டு ‘மேற்படி’.

கணினி ‘மேற்படி’யை ஏற்கவில்லை; வரிக்கொரு பெயர் கேட்டது. அன்றே முடித்தால்தான் வேலை நீடிக்கும். கண்காணிப்பாளரிடம் போய் நின்றான். அவர் கிளம்பிக்கொண்டிருந்தார்.

“உன் பேரையே போட்டுத் தள்ளுய்யா. செத்தவன் வந்து சண்டைக்கா நிக்கப் போறான்?”

போட்டான். ‘ஏய் டெம்பரரி’ என்றே எல்லோரும் கூப்பிட்டதால், அவன் பெயருக்கு இத்தனை உபயோகம் அதுவரை இருந்ததில்லை.

கடைசி வரி ஏறியதும், வெயில் காய்ந்த அந்தப் பிற்பகலில், அலமாரிகளுக்குப் பின்னாலிருந்து தேங்கிய குளத்தின் பச்சை வாடையும், ஈரக் கால்கள் தரையில் ஒட்டி ஒட்டிப் பெயரும் ஓசையும், வெறுங்குடத்தை யாரோ சாய்த்துப் பார்ப்பது போன்ற குழிந்த சத்தமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பாட்டில் தண்ணீரைக் காலி செய்தும் நாக்கு வறண்டது. கெண்டைக்கால் இழுத்தது.

“யாரது?”

பதிலாக அவன் பெயர். ஒரு பெண்குரல். பிறகு ஒரு கிழவர். பிறகு மழலை. கூப்பிடவில்லை, ஒவ்வொருவரும் அதைத் தங்கள் பெயராகச் சொன்னார்கள்.

அழிக்கப் பார்த்தான். மேலதிகாரிக்கு மட்டுமே அனுமதி என்றது திரை. கண்காணிப்பாளருக்குப் போன் செய்து, தன் பெயரை எடுத்துவிடும்படி கெஞ்சினான். திங்கட்கிழமை மனு எழுதிக் கொடுக்கச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நிமிர்ந்தான். வரிசை. மேசையிலிருந்து வாசல் வரை. குழிந்த கண்கள். நீலம் பாரித்த உதடுகள்.

முதலில் நின்றவள் குனிந்து, மரியாதையாகக் கேட்டாள்.

“அப்ப உங்க பேரு என்னங்க?”

வாயைத் திறந்தான். பெயர் வரவில்லை.

பேன்ட்டின் பின்பக்கம் நனைந்து, நாற்காலியிலிருந்து கஞ்சித் தண்ணீராகச் சொட்டிக்கொண்டிருந்தது.