நெற்றியில் ஒரு கிரவுன் காசு

பிணத்தின் நெற்றியில் காசு மின்னியது!

சொக்கலிங்கம். பழங்காசு வியாபாரி. முந்தின நாள் சாயங்காலம், பர்மாவில் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையிலுள்ள தன் வீட்டின் செங்குத்துப் படிக்கட்டில் உருண்டு மண்டை பிளந்தவர்.

"கால் வழுக்கியிருக்கு. கேஸ் எதுவும் இல்லை" என்று பர்மியத்தில் சொல்லிவிட்டு, வாசலோரம் உட்கார்ந்து அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார் இன்ஸ்பெக்டர் ஊ தூரா.

சொக்கலிங்கத்தின் மனைவி ஜெயகுமாரி நம்பவில்லை. பாடை கிளம்புவதற்குள் உண்மை வெளியே வர வேண்டும். சுடுகாட்டுக்குப் போய்விட்டால்... எல்லாம் சாம்பல்!

அடுப்பு பற்றவைக்காத வீடு. பக்கத்து வீட்டு டோ மியா பிளாஸ்க்கில் டீ கொண்டுவந்திருந்தாள்.

வாசலில் ஓலம்!

"தம்பீ... என்னை விட்டுட்டுப் போயிட்டியேடா!"

பாலசந்தர். சொக்கலிங்கத்தின் கூட்டாளி. ஜெயகுமாரியின் கல்யாணத்தில் தாலி எடுத்துக் கொடுத்தவர். பெற்ற தாய் கூட இப்படி அழமாட்டாள்!

"ஒரு வாரமா இந்தப் பக்கமே வரலையேம்மா! வந்திருந்தா கடைசியா முகத்தைப் பார்த்திருப்பேனே!"

"நேத்து மத்தியானம் ஒரு காசு வாங்கிட்டு வந்தார் அண்ணே. உங்ககிட்ட சொன்னாரா?"

"காசா? எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா."

"கிரீடம் வச்ச விக்டோரியா ராணி. அந்தக் காலத்து அஞ்சு ஷில்லிங், வெள்ளிக் கிரவுன். கன்னங்கரேல்னு இருந்துச்சு. அதைத்தான் நெத்தியில வச்சிருக்கேன்."

அழுகை டக்கென்று நின்றது!

பாலசந்தர் குனிந்தார். காசு முழுக்கச் சந்தனமும் குங்குமமும். ஓரம் மட்டும் பளபளத்தது.

"ஏம்மா... பளபளங்குது?"

"சாமி வெளக்கு மாதிரி, புளி போட்டு நல்லாத் தேய்ச்சேன்."

"அடிப்பாவி! தேய்ச்சுட்டியா! அந்தக் கறுப்பு கலையாம இருந்தாத்தானே விலை! சிங்கப்பூர்ல இருநூறு லட்சம் கியாட்டுக்குப் போகுமே! நேத்து நான் பார்த்தப்ப ஒரு கீறல் கூட இல்லையே!"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்து என்ன பயன்?

"நேத்தா...? ஒரு வாரமா வரலைன்னீங்களே அண்ணே!"

ஜெயகுமாரி அதை அப்படியே பர்மியத்தில் சொன்னாள். ஊ தூரா கதவை மறித்தார்.

பாலசந்தர் ஜெயகுமாரியைப் பார்த்துக் கை கூப்பினார்.

"தள்ளணும்னு நினைக்கலைம்மா... எனக்கும் பங்கு கொடுன்னு கேட்டேன்... தரமாட்டேன்னான்... பிடுங்கப் போனேன்..."

"பாவி! கூடப்பொறந்த அண்ணனா நினைச்சேனே! தாலி எடுத்துக் கொடுத்த கையே அறுத்துடுச்சே!"

அதுவரை அழாத ஜெயகுமாரி, தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

விலங்கு மாட்டும்போதும் பாலசந்தர் புலம்பினார். "இருநூறு லட்சம்... புளியில போச்சே..."

கண்ணைத் துடைத்துக்கொண்ட ஜெயகுமாரி, நெற்றிக்காசின் சந்தனத்தை வழித்தாள்.

விக்டோரியா ராணி இல்லை... சர்ச்சில்!

கணவரின் பெட்டியில் கிடந்த, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்தாம் வருஷத்துக் கிரவுன். அதே அளவு, ஆனால் சீந்துவார் கிடையாது.

முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே, கறுப்பு கலையாமல் ராணி!

"செத்த பிறகும் அவர் கைக்குள்ளதான் இருந்துச்சு. ஆள் சத்தம் கேட்டதும் நீங்கதான் ஓடிட்டீங்க."

"அப்போ... புளி?"

"பொணம் கிடக்கிற வீட்டுல எவ அண்ணே அடுப்படிக்குப் போவா? புளியை உங்க வயித்துலதான் கரைச்சேன்!"