வெண்ணிலத்தார் குடற்கோலம்

மூடுபனி விலகுவதற்கு முன்பே மருமகளுக்கு உணவுத்தட்டு எடுத்துச் செல்வது என் வேலை. ஒன்பது மாதமும் நானே சமைத்தேன், நானே கொண்டுபோனேன். சாமைக் கஞ்சி, வாழைத்தண்டு, முளைகட்டிய பயறு, வெந்தயக்கீரை, எள், புளித்த மோர், கடைசியில் ஒரு துண்டு பனைவெல்லம். ஏழு பொருள், இதே வரிசை. இதற்கு மேல் ஒரு கடுகு கூடாது. சமையல் எந்திரத்தை நம்பிவிடும் வீடுகள் எங்கள் மிதவூரில் ஏராளம். வெண்ணிலத்தார் குடி அப்படிப்பட்டதன்று.

வீடு நீரின்மேல் மெல்ல ஆடும். கீழே முப்பதடி ஆழத்தில் பழைய வயல்கள் பாசி படிந்து கிடக்கும். வெயில் ஏறினால் வரப்புகள்கூடத் தெரியும். முத்தரசி அந்த நீரைப் பார்த்தபடியே தட்டை வாங்குவாள்.

"இன்னிக்கும் இதேவா மாமா?"

"எட்டுத் தலைமுறையா இதேதாம்மா."

"எட்டுத் தலைமுறைக்கும் நாக்கு மரத்துப்போயிருக்கும்."

எனக்குச் சிரிப்பு வரும். அறைக்கு வெளியே வந்துதான் சிரிப்பேன். என் மகன் செங்கோடன் ஆழ்கடல் பண்ணையில் இருந்தான். அவன் திரும்பும்வரை இந்த வீட்டில் நாங்கள் இருவர்தான்.

மருந்துக்காலம் என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். நம் முன்னோர் தும்மலுக்கும் இருமலுக்கும் கிருமிக்கொல்லி விழுங்கி, தங்கள் குடலைப் பாலையாக்கிக்கொண்ட காலம். சில குடும்பங்கள் மட்டும், வயிற்றில் மிஞ்சிய நுண்ணுயிர்களுக்குப் பிடித்த உணவையே தொடர்ந்து உண்டு அவற்றைக் காப்பாற்றின. குடிச்சட்டம் அதிலிருந்து வந்தது. கருவுற்றவள் உண்பதற்கேற்ப அவள் குடலில் வாழ்பவை மாறும். பிறக்கும் குழந்தை தன் முதல் நுண்ணுயிர்களை அவளிடமிருந்தே பெறும். ஆகவே கணவன் குடியின் உணவை உண்டு பெற்றால், குழந்தை அந்தக் குடி. ஆறாம் நாள் குழந்தையின் மலத்தைக் கோலமானியில் வைப்பார்கள். உள்ளே வாழும் உயிர்கள் ஒளிப்புள்ளிகளாக அறை முழுதும் விரியும். அந்தக் குடற்கோலம் குடியின் கோலத்தோடு ஒத்துப்போனால்தான் பெயர் உண்டு. எங்கள் குடியில் அதுவரை ஒரு பிள்ளைக்கும் பெயர் மறுக்கப்பட்டதில்லை.

ஐந்தாம் மாதத்தில் ஒரு காலை, முத்தரசி தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"மாமா, கனவுல எங்கம்மா வீட்டுக் கூரை வருது. கூரை பூரா நெத்திலி காயுது. முழிச்சா வாயெல்லாம் ஊறுது. ஒரே ஒரு துண்டு தின்னா என்ன ஆயிடும்?"

"கனவுலயே சாப்பிட்டுக்கோம்மா. அதுக்குக் குடிச்சட்டம் கிடையாது."

அவள் அதன்பின் கேட்கவில்லை. தட்டு ஒவ்வொரு நாளும் காலியாகவே திரும்பியது. அவளை எங்கள் வழிக்குப் பழக்கிவிட்டதாகவே நான் பெருமை கொண்டேன். சில நாட்களில் நடையில் மெல்லிய கருவாட்டு வாடை வரும். மீன் காயவைக்கும் புறவரிசை வீடுகளிலிருந்து பனி கொண்டுவருகிறது என்று சாளரங்களை அடைத்துவிடுவேன்.

பேத்தி பிறந்தாள். ஆறாம் நாள் காலை கோலநோக்கர் மரகதம் படகில் வந்து இறங்கினார். பெயரிடும்வரை தாயன்றி வேறெவரும் குழந்தையைத் தொடக் கூடாது. ஆறு நாளாக நான் அவள் அழுகையை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கோலமானி ஒளிர்ந்தது. எங்கள் குடியின் வெண்சக்கரம் அறையின் நடுவே மெல்லச் சுழன்று எழுந்தது. நான் மூச்சுவிட்டேன். அப்போது அதன் ஓரங்களிலிருந்து நீலப்புள்ளிகள் கூட்டம் கூட்டமாக வந்தன. வெண்மையினூடே நீந்துவதுபோல் வளைந்து சென்றன. சுவர்களில், என் சட்டையில், முத்தரசியின் நெற்றியில் நீலம் அலைந்தது. என் வாழ்நாளில் பார்த்த கோலங்களில் அதுதான் அழகானது.

"நூத்துக்கு அறுபத்தோரு பங்குதான் ஒத்துப்போவுதுங்கய்யா. எழுபத்தஞ்சு வேணும். இந்த நீலம் கடல் சாப்பாட்டோட நீலம்" என்றார் மரகதம்.

கோலம் மாறிய வீட்டில், கேள்வி கேட்குமுன் நோக்கர் வெளித்தளத்துக்குப் போய் முதுகு காட்டி நிற்பது வழக்கம். வீட்டார் தங்களுக்குள் பேசிக்கொள்ளட்டும் என்று விடும் நேரம் அது. மரகதம் போய் நின்றார்.

"முத்தரசி?"

"எங்கம்மா படகுக்காரர்கிட்ட கருவாடு குடுத்து விடுவாங்க மாமா. தினம் ரெண்டு துண்டு."

"எங்க வச்சுச் சாப்பிட்ட?"

"குளியலறையில. தண்ணியத் தொறந்து விட்டுட்டு. மெல்லுற சத்தம் உங்களுக்குக் கேட்டுடக் கூடாதுன்னு."

"நின்னுக்கிட்டா?"

"அங்க உக்கார எடம் ஏது மாமா?"

நாங்கள் யாரையும் பசியோடு அனுப்பிய குடி அல்ல. பெருவெள்ளம் வந்தபோது இந்த வீட்டில் நானூறு பேர் உட்கார்ந்து உண்டார்கள் என்று பதிவேட்டில் இருக்கிறது. அதே வீட்டில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி, குழாயைத் திறந்துவிட்டு, ஈரத்தரையில் நின்றபடி, வாயைப் பொத்திக்கொண்டு தின்றிருக்கிறாள். கோலம் கெட்டதைவிட அது என்னைச் சுட்டது.

மரகதம் உள்ளே வந்தார்.

"சட்டத்தைச் சொல்லிடறேன். உடைச்சது தாய்னா, குழந்தை தாய்வீட்டுக் குடிக்குப் போயிடும். தாயும் கிளம்பணும். காரணம் பதிவேட்டுல அவங்க பேர்ல நிக்கும். வீட்டுத் தலைவர்தான் உடைச்சார்னா, இந்தக் குடி இன்னியோட முடிஞ்சுது. குழந்தை புதுக்குடிக்கு முதல் ஆள். அப்பாவும் அம்மாவும் அதுல சேருவாங்க. தலைவர் வெளியாள். நாப்பது நாள் குழந்தையத் தொடக் கூடாது. இப்ப சொல்லுங்கய்யா, யாரு உடைச்சது?"

"நான்தான் கொடுத்தேன்."

"மாமா!"

"பெரியவங்க பேசுறப்ப குறுக்க வராதம்மா."

மரகதம் என்னை நெடுநேரம் பார்த்தார். வெண்ணிலத்தார் வீட்டுத் தலைவன் திருமேனியாகிய நான் குடிச்சட்டத்தை மீறினேன் என்றால் மிதவூரில் மீன்கூட நம்பாது.

"எதுல வச்சுக் குடுத்தீங்க?"

"தட்டுல. உக்கார வச்சு."

"என்ன குடுத்தீங்க?"

"நெத்திலிக் கருவாடு."

"எப்படிச் சமைச்சீங்க?"

எனக்குத் தெரியவில்லை. எழுபத்தோரு வயதில் அதைத் தொட்டதுகூட இல்லை. நிமிர்ந்து நின்று சுவரைப் பார்த்தேன்.

"சுட்டுத்தான் குடுத்தாங்க" என்றாள் முத்தரசி எனக்குப் பின்னாலிருந்து. "முதல்ல ரெண்டு நாளு கருக்கிட்டாங்க. அப்புறம் கை பழகிடுச்சு."

மரகதத்தின் உதட்டோரம் ஏதோ அசைந்து அடங்கியது. அவர் எழுதிக்கொண்டார். எட்டுத் தலைமுறையின் வெண்சக்கரம் ஒருமுறை சுழன்று அணைந்தது. நீலமும் வெள்ளையும் கலந்த கோலத்தின் கீழே என் பேத்தியின் பெயரை முதலாவதாகப் பதித்தார். அந்தக் கோலத்தில் அவளுக்கு முன்னால் யாரும் இல்லை.

படகு போனபின் முத்தரசி குழந்தையோடு அறை வாசலுக்கு வந்தாள். நான்கு எட்டுத் தூரத்தில் நின்று, துணியை விலக்கி முகத்தைக் காட்டினாள்.

"இங்க பாருங்க மாமா. மூக்கு அப்படியே உங்க மூக்கு. அதைக் கோலமானியால மாத்த முடியுமா?"

குழந்தை கொட்டாவி விட்டது. ஒரு கை துணியிலிருந்து நழுவி வெளியே வந்து, காற்றில் எதையோ தேடி விரல்களை விரித்தது.

நான் முதுகை நிமிர்த்தி நின்றேன். கைகளைப் பின்னால் இறுகக் கட்டிக்கொண்டேன். அவை என் சொல்லைக் கேட்கும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.