ஆசனம் காலி

ஐயா செத்து இரண்டாவது பகல் ஆகிவிட்டது.

அவர் எதிரே தியானத்தில் உட்கார்ந்தவர்கள் இன்னும் எழுந்திருக்கவில்லை.

அடையாற்றங்கரையில் ஐயா நடத்திய ஆசிரமம், 'மௌனக் குடில்'. கூடம் நிறைய ஜனம். மூடிய கண்கள். வெடித்த உதடுகள்.

ஐயாவின் உடல் மட்டும் வராந்தாவில், வேட்டி போர்த்திக் கிடந்தது. குடித்த பாலில் விஷம்.

"வாங்க புரொபஸர்," என்றார் இன்ஸ்பெக்டர் பொன்ராஜ். "இந்த மாதிரிக் கூட்டத்தப் பத்தி புஸ்தகம் எழுதறீங்களாமே. எழுப்பி விடுங்க. சித்திரை வெயில்... சாயங்காலத்துக்குள்ள தண்ணி குடிக்கலேன்னா உசிர் போயிடும்கிறார் டாக்டர்."

புரொபஸர் ஸ்தனிஸ்லாஸின் கண்கள் கூடத்தைத் துழாவின. மனிதனை மனிதன் எப்படி அடிமையாக்குகிறான் என்று ஆராய்கிறவர். அந்த ஆராய்ச்சிக்குக் காரணம் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தது.

ஃப்ளோரன்ஸ். அவருடைய தங்கை.

ஜப்பான்காரன் குண்டு விழப்போகிறது என்று பட்டணமே காலியான வருஷம், பயந்து இங்கே வந்தவள். திரும்பவே இல்லை.

சாந்தோம் வீட்டில் 'உட்கார்' என்றால் நிற்பாள். 'நில்' என்றால் ஓடுவாள். அந்த ஃப்ளோரன்ஸ்...

குவளைத் தண்ணீரை அவள் உதட்டில் வைத்தார். தாடை வழியாக வழிந்து புடவையில் இறங்கியது.

"பால் கொண்டாந்தது உங்க தங்கச்சின்னு சமையல்காரி சொல்றா," பொன்ராஜ் குரலைத் தாழ்த்தினார். "வாயத் திறந்து இல்லேன்னு சொல்லாட்டி... தூக்குதான்."

"மணி அடிச்சாத்தான் எழுந்திருப்பாங்க. அதான் இங்க சட்டம்," என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

"அடிச்சுப் பாத்தாச்சே."

"எங்க நின்னு?"

கான்ஸ்டபிள் சின்னப்பையன் முந்திக்கொண்டான். "தோ, வாசப்படியாண்ட. நாந்தான் சார் அட்ச்சேன். கை வலிச்சதுதான் மிச்சம்."

"ஐயாவோட அந்த ஆசனத்துல உட்கார்ந்து அடிக்கணும்."

புலித்தோல் விரித்த பலகை. காலி.

"அவ்வளவுதானே? நானே உக்கார்றேன்," என்றார் பொன்ராஜ்.

"வேணாம் சார். யார் அதுல உட்கார்றாங்களோ, அவங்கதான் அப்புறம் இவங்களுக்கு..."

தங்கையை இன்னொருவர் கையில் ஒப்படைக்க அவருக்கு மனம் வரவில்லை.

செருப்பைக் கழற்றினார். உட்கார்ந்தார். வாழ்நாளெல்லாம் எதை வெறுத்தாரோ, அதன் மேலேயே.

மணி ஒலித்தது.

கண்கள் திறந்தன. எல்லாம் ஒன்றாக.

"தண்ணி குடிங்க."

குடித்தார்கள். தண்ணீர் தீர்ந்த பிறகும், "போதும்" என்று அவர் சொல்லும் வரை யாரும் வாயிலிருந்து குவளையை எடுக்கவில்லை.

"ஃப்ளோரா..." அவர் முன்னால் குனிந்தார். "என்னத் தெரியுதாம்மா?"

அவள் கைகூப்பினாள். "தெரியுது ஐயா."

அண்ணா இல்லை. ஐயா.

"கேளுங்க சார். உங்ககிட்டதான் உண்மை வரும்," பொன்ராஜ் அவசரப்படுத்தினார்.

வராது. ஸ்தனிஸ்லாஸுக்குத் தெரியும். ஆனாலும் 'இல்லை' என்ற ஒரே சொல்லில் அவள் உயிர் தொங்கிக்கொண்டிருந்தது.

"பால்ல விஷம் கலந்தது நீயாம்மா?"

அவள் யோசித்தாள். ஆசையாக, அவருக்குப் பிடித்ததைச் செய்துவிட வேண்டும் என்ற தவிப்போடு.

"நானா இருக்கணுமா, இல்லாம இருக்கணுமா ஐயா?"

அவர் கூட்டத்தின் பக்கம் திரும்பிக் கத்தினார்.

"யார் கலந்தது? கையத் தூக்குங்க!"

சொன்ன பிறகுதான் தெரிந்தது... அவர் கேட்டது கேள்வி அல்ல, கட்டளை.

ஃப்ளோரன்ஸின் கைதான் முதலில் உயர்ந்தது.

பிறகு பக்கத்துக் கை. அதற்கடுத்த கை. கூடம் முழுக்கக் கைகள்.

ஸ்தனிஸ்லாஸ் முகத்தை மூடிக்கொண்டார்.

சின்னப்பையன் இடுப்பைத் தடவிப் பார்த்தான்.

"இன்னா சார் இது... நம்மகிட்ட விலங்கு ஒண்ணுதானே கீது?"