மோப்பானுக்கு மணக்காத தீனி

வயிறு புடைக்கத் தின்றுவிட்டுச் செத்த மூன்று மாடுகளும் பட்டினியால் செத்தன என்று மரபணு மோப்பான் சொல்லிவிட்டது. மோப்பான் சொன்னால் சொன்னதுதான், அப்பீல் கிடையாது.

பார்க்க டார்ச் விளக்கு மாதிரி இருக்கும். தீனியிலோ சாணியிலோ நுனியைச் செருகினால், அதில் கலந்திருக்கும் ஒவ்வொரு செடியின் மரபணுவையும் படித்துவிடும். விஷச்செடி துளி இருந்தாலும் சிவப்பாக எரிந்து கத்தும். கொடுமுடிப் பக்கம் ஒரு கல்யாணப் பந்தியில் யாரோ விளையாட்டாக அதைக் கீரைக் கூட்டில் செருகப்போய், ஊமத்தை மகரந்தம் ஒன்றே ஒன்றுக்கு அது கத்தின கத்தலில் மாப்பிள்ளை தாலியோடு மண்டபத்தைவிட்டே ஓடிவிட்டார். இன்னும் திரும்பவில்லை என்கிறார்கள்.

அப்பேர்ப்பட்ட மோப்பான், நாச்சாத்தாளின் செத்த மாடுகளுடைய இரைப்பையில் எந்தச் செடியும் இல்லை என்றது. செடி இல்லையென்றால் தீனி இல்லை. தீனி இல்லையென்றால் பட்டினி. பட்டினி போட்டவள் நாச்சாத்தாள். அவள்மேல் தீனி மறுப்பு வழக்குப் பாய்ந்தது. அவளுக்கு மிச்சமிருந்த ஒரே மாடான செவலையின் சாணியைச் சோதித்தால் அங்கே சிவப்பு! வேலியோரம் மேய்ந்ததில் ஓர் உன்னிச்செடி இலையும் உள்ளே போயிருந்தது.

சட்டப்படி இனி செவலைக்குச் சான்றுத்தீனி மட்டும்தான். மோப்பான் ஒருமுறைகூடக் கத்தாததுதான் சான்றுத்தீனி; அப்படி மாவட்டத்திலேயே ஒன்றுதான் இருந்தது. அது அவிநாசியப்பன் ஆலையின் 'அமுதக்கலம்'. செத்த மூன்றும் கட்டுத்தறியில் நின்று தின்றது அதைத்தான்.

செவலையை ஆலை முற்றத்துக்கே ஓட்டிவரச் செய்து, தொட்டி நிறைய அமுதக்கலத்தைக் கொட்டியிருந்தார்கள். வெல்லப்பாகு வாசம் ஆளையே தூக்கியது. செவலை கயிற்றை அறுத்துவிடுவதுபோல் தொட்டிக்கு இழுக்க, நாச்சாத்தாள் குதிகாலை மண்ணில் ஊன்றி மறுபக்கம் இழுத்தாள்.

"எங் கையால அள்ளிப் போட்டனுங் சார்! இந்தக் கருமத்தைத் தின்னுதான் ஈரல் கெட்டுச் செத்துதுங்!"

"இரைப்பையில ஒண்ணுமில்லையேம்மா," என்றார் தீவன ஆய்வாளர் தணிகைவேல். கெட்டவர் இல்லை. மோப்பான் பச்சையாக எரிந்தால் சிரிப்பார், சிவப்பாக எரிந்தால் முறைப்பார். சொந்தமாக ஒரு முகம் வைத்துக்கொள்ளும் சிரமம் அவருக்கு நாலைந்து வருஷமாக இல்லை.

"அப்ப இந்தத் தொட்டியிலயே குத்திப் பாருங்!"

குத்தினார். பச்சை. விஷச்செடி இல்லை. மோப்பானின் திரையை நகர்த்தினார். நல்ல செடியும் இல்லை. சோளம் இல்லை, பருத்திக்கொட்டை இல்லை, தவிடுகூட இல்லை.

"தொட்டியே காலிங்குதா உங்க மோப்பான்?"

"சுத்தம்னா அப்படி ஒரு சுத்தம் அம்மிணி," என்றார் ஆலை முதலாளி அவிநாசியப்பன். "செடி இருக்கறதே தெரியாத அளவுக்குச் சுத்தம். விருதே குடுத்திருக்காங்க."

விஷயம் இவ்வளவுதான். மலிவாகக் கிடைக்கும், ஈரலைத் தின்னும் விஷமுள்ள கிலுகிலுப்பைச் செடி விதையை மற்றதோடு கலந்து, அமிலமும் ஆவியும் விட்டு, மரபணு பொடிப்பொடியாகச் சிதறும்வரை ஆலை வேகவைத்தது. மோப்பானுக்குச் செடியின் பெயரைப் படிக்கத் தெரியும், விஷத்தைப் படிக்கத் தெரியாது. வெந்ததில் பெயர் அழிந்தது. விஷம் மட்டும் சௌக்கியமாக இருந்தது.

அவிநாசியப்பனுக்குப் பின்னால், கொட்டகையில், கண்காட்சிகளில் பரிசு வாங்கும் அவருடைய காங்கேயம் காளை பச்சைச் சோளத்தட்டை மென்றுகொண்டிருந்தது. நாச்சாத்தாளுக்கு ஆத்திரம் உச்சந்தலைக்கு ஏறியது.

"அதென்னுங் மொதலாளி, ஊரு மாட்டுக்கெல்லாம் உங்க அமுதம், உங்க காளைக்கு மட்டும் பச்சைத் தட்டா? சார், சட்டம் எனக்கு மட்டுந்தானுங்களா? அது சாணியிலயும் ஒரு குத்துக் குத்துங்!"

தணிகைவேல் போய்க் குத்தினார். மோப்பான் கத்திய கத்தலில் கூரைப் புறாக்கள் அடுத்த தாலுகாவில் போய்த்தான் இறங்கின. தட்டோடு ஓர் ஊமத்தை இலை வந்திருந்தது.

"இதுக்கும் இனிமே சான்றுத்தீனிதாங்க," என்றார் முறைத்தபடி. அவரோடு வந்த ஆட்கள் காளையை அவிழ்த்து ஓட்டி வந்தார்கள். அதற்கும் வெல்லப்பாகு மணத்துவிட்டது.

"ஐயோ, தின்ன விடாதீங்க! செத்துரும்யா!" அவிநாசியப்பன் பாய்ந்து மூக்கணாங்கயிற்றைப் பிடித்தார். "அதுல கிலுகிலுப்பை இருக்குது! நாந்தான் போடச் சொன்னேன்!"

தணிகைவேல் மறுபடி தொட்டியில் செருகினார். பச்சை.

"இல்லையேங்க," என்று சிரித்தார்.

"நாஞ் சொல்றனேய்யா!"

"நீங்க சொன்னா ஆச்சுங்களா? இந்தம்மாவுந்தான் வந்ததுல இருந்து சொல்லுது." தீனி மறுப்பு வழக்கில் நாச்சாத்தாளின் பெயருக்குக் கீழே அவிநாசியப்பனின் பெயரையும் சேர்த்துக்கொண்டார்.

ஆட்கள் பின்னாலிருந்து தள்ள, செவலையும் காளையும் முட்டிமோதிக்கொண்டு ஒரே தொட்டிக்குத் தலையை நீட்டின. அவிநாசியப்பனின் செருப்பு வழுக்கியது. விழாமலிருக்க நாச்சாத்தாளின் தோளில் தோளை முட்டுக்கொடுத்து நின்றார்.

அவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். துப்பலாம்போல் இருந்தது. துப்ப நேரமில்லை.

"விடாம இழுங் மொதலாளி," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "என்ற மாடு மூணுக்கும் இப்படி இழுத்துப் புடிக்க ஆளில்லாமப் போச்சு."