இந்தக் கணினி தாங்கும் அளவுக்கு

எதிர்வீட்டு மரத்தில் இலைகளுக்கு நடுவே இடைவெளி இல்லை என்பதைக் கண்ணாடிக் கடைக்காரர் கவனித்தது ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு, டீ டம்ளரோடு ஜன்னல் பக்கம் வந்து நின்றபோது. காற்றில்லாத நாள், இலை அசையாததில் அதிசயமில்லை. ஆனால் இத்தனை வருடமாக அந்த மரத்தின் ஊடே வானம் பொட்டுப் பொட்டாகத் தெரியும். இப்போது அடிமரத்துக்கு மேல் பச்சை நிறத்தில் நான்கு தட்டையான பலகைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு நின்றன, அவ்வளவுதான்.

மரத்துக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அவருக்குத் தோன்றவில்லை. தன் கண்ணுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் தோன்றியது. இருபத்திரண்டு வருடம் ஊரார் கண்ணைச் சோதித்தே சாப்பிட்ட மனிதர் வேறெப்படி நினைப்பார்? பீரோவிலிருந்து எழுத்து அட்டையை எடுத்துச் சுவரில் மாட்டி, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு கடைசி வரி வரை படித்தார். பிசகில்லை. மறு கண்ணிலும் பிசகில்லை. பிறகு சோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டி, வில்லைகளை ஒவ்வொன்றாகப் போட்டும் எடுத்தும் மரத்தைப் பார்த்தார். எல்லா வில்லையிலும் அதே பலகைதான். கையிலிருந்த அரை மணி நேரத்தை அவர் இப்படித்தான் செலவழித்தார்.

அவருக்குப் பின்னால், மேசைக்கு அடியில், கணினி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

பத்து வருடத்துக் கணினி. வாங்கிய புதிதில் குதிரை மாதிரி ஓடியது. இப்போதெல்லாம் பொத்தானை அழுத்திவிட்டுக் குளித்துவிட்டு வந்தால்தான் திரை கண் விழிக்கும். அதில் போய் மகள் புத்தம் புதிய விமான விளையாட்டு ஒன்றை ஏற்றிவிட்டிருந்தாள். உண்மையான ஊர், உண்மையான தெரு, அந்தந்த நேரத்து வெயிலும் மேகமும்கூட இணையத்திலிருந்து அப்படியே இறங்கி வருமாம். "சின்ன வயசுல பைலட் ஆகணும்னு ஆசைன்னு சொல்லிட்டே இருப்பீங்களே, இந்தாங்க, ஓட்டுங்க" என்றாள். பைலட் வேலைக்கான பார்வைச் சோதனையில் தோற்று, அந்த ரோஷத்திலேயே கண்ணாடிக் கடை வைத்தவர் அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். பன்னிரண்டு வயது மகள். வாயைத் திறந்தால் மூடமாட்டாள், வீட்டில் அவளுக்குப் பெயர் வாலு. அவள் இல்லாத நேரத்தில் வீடு வீடாகவே இருக்காது அவருக்கு.

அன்று காலை விளையாட்டைத் திறந்ததும் எல்லோரும் முதலில் செய்வதையே அவரும் செய்தார். தன் வீட்டைத் தேடினார். தெரு திரையில் துண்டு துண்டாக முளைத்தது. விமானம் பறக்கவில்லை, விநாடிக்கு ஒருமுறை குதித்தது. கணினிக்குள் விசிறி போட்ட கூச்சலில், மருத்துவமனைக்கு ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அவர் மனைவி எட்டிப் பார்த்து, "நான் நர்ஸு, சொல்றேன், அது பொழைக்காது" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவர் கணினி மெக்கானிக்குக்குப் போன் போட்டார்.

"சார், கிழட்டு மாட்டு மேல லாரி பாரத்த ஏத்தறீங்க. செட்டிங்ஸ்ல போய் எல்லாத்தையும் குறைங்க, ஓடும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க. லோடு ஆகிட்டு இருக்கும்போது ஆஃப் பண்ணிடாதீங்க. உள்ள இருக்கறது அத்தனையும் போயிடும்."

குறைத்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு, கோட்டின் மேல் ஒரு புள்ளி. புள்ளியை இடது பக்கம் இழுத்தால் குறையும். முதலில் மரங்கள். விசிறி கொஞ்சம் அடங்கியது. அடுத்து பறவைகள், அதற்கடுத்து வாகனங்கள். மனிதர்களை வெகு சிலராக்கினார். அதன் கீழே ஒரு சின்னக் கட்டம் இருந்தது: 'எல்லா மனிதருக்கும் ஒரே உருவம். நினைவகம் மிச்சமாகும்.' அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மேல பறக்கறவனுக்குக் கீழ இருக்கறவன் மூஞ்சி எதுக்கு?"

"அப்ப நானும் பக்கத்து வீட்டு மாமாவும் ஒரே மாதிரி இருப்போமா? ஐயே!" என்று வாலு முகத்தைச் சுளித்தாள்.

அவர் கட்டத்தில் டிக் போட்டார். நுணுக்கம் என்றிருந்ததைப் பூஜ்யத்துக்கு இழுத்தார். 'இந்தக் கணினியில் மாற்றங்கள் முழுமையாக வரச் சில மணி நேரம் ஆகலாம்' என்று ஒரு வரி வந்து மறைந்தது. அதன்பின் விமானம் வழுக்கிக்கொண்டு பறந்தது. வாலு கைதட்டினாள். இரண்டு மணிக்கு நீலப் பையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறி நீச்சல் வகுப்புக்குப் போனாள். ஐந்துக்குள் வந்துவிடுவாள்.

சோதனைச் சட்டத்தைக் கழற்றி வைத்தபோதுதான் அவர் காதில் அது உறைத்தது. வெளியே ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை என்றாலும் ஹாரன் அடிக்காமல் அந்தத் தெருவில் ஐந்து நிமிடம் போகாது. ஜன்னலில் நின்று ஐந்து நிமிடம் பார்த்தார், ஒரு சைக்கிள்கூடப் போகவில்லை. முதலில் மரம். அப்புறம் பறவை. அப்புறம் வண்டி. தான் இழுத்த வரிசை அது என்று அவருக்குப் புரிந்தது. அடுத்து எது என்பதும் அவருக்குத் தெரியும்.

போனை எடுத்தார்.

"அப்பா, பஸ்ஸே வரல. ஸ்டாப்புல நான் மட்டும்தான் இருக்கேன்."

"மத்தவங்க எல்லாம்?"

"இருந்தாங்கப்பா. இப்ப இல்ல."

"நடந்து வந்துடும்மா. பத்து நிமிஷம்தான். போன கட் பண்ணாத, என்ன?"

ஓடிப்போய் அவளை அழைத்து வந்திருக்கலாம். அவரோ கணினிக்கு ஓடினார். மனிதர்கள் கோட்டின் புள்ளியைப் பிடித்து வலது கோடிக்கு இழுத்தார். வாகனங்களையும் இழுத்தார். விசிறி ஓலமிட்டது. சூடேறிய தூசியின் கருகல் நாற்றம் மேசைக்கு அடியிலிருந்து கிளம்பி மூக்கில் ஏறியது. திரை வெளுத்தது. அதன் நடுவில் இரண்டு வரிகள்.

'இந்தக் கணினி தாங்கவில்லை. தாங்கும் அளவுக்குக் குறைக்கப்படுகிறது.'

அடியில் ஒரே ஒரு பொத்தான். 'சரி.' வேண்டாம் என்று சொல்ல இடமே இல்லை. அவர் சுட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டார். பொத்தான் தானாக அமுங்கியது.

புள்ளிகள் ஒவ்வொன்றாக இடது பக்கம் நகர ஆரம்பித்தன. அவர் தொடாத கோடும் நகர்ந்தது. பார்வைத் தூரம்.

ஜன்னலுக்கு வந்தார். தெருமுனை இல்லை. பனியோ புகையோ அல்ல. பனியென்றால் கொஞ்சம் அசையும். அங்கே ஒன்றும் எழுதாத காகிதம் மாதிரி வெள்ளை நின்றது. கடைசி வீடு அதற்குள் போனது. அதற்கு முந்தைய வீடும். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்தது.

கணினியின் சுவிட்சில் கை வைத்தார். அணைத்துவிட்டால்? உள்ளே இருப்பது அத்தனையும் போய்விடும் என்றானே மெக்கானிக். அவர் குழந்தை இப்போது இருப்பது தெருவிலா, கணினிக்கு உள்ளேயா? விரல் சுவிட்சின் மேலேயே இருந்தது. அழுத்தவும் முடியவில்லை. எடுக்கவும் முடியவில்லை. வாய்விட்டு அழுதார்.

"அப்பா." போனில் வாலு. மூச்சிரைத்தது. "நம்ம தெருவுக்கு வந்துட்டேன்னு நினைக்கறேன். ஒண்ணும் தெரியல. ஆனா முன்னாடி ஒருத்தி போறாப்பா."

"யாரு?"

"தெரியல. என் பை மாதிரியே வச்சிருக்கா. என்ன மாதிரியே நடக்கறா."

"நீ அவளப் பாக்காத. நேரா வா."

"பின்னாடியும் ஒருத்தி வர்றாப்பா."

வெள்ளைக்குள்ளிருந்து ஒரு பெண் வந்தாள். நீலப் பை. ஈரத் தலைமுடி. அவர் தன் கையால் தேய்த்து மாட்டிய மூக்குக் கண்ணாடி, இடது வில்லை சற்றுத் தடிமன். அவருக்கு உயிர் வந்தது. "வாலு!" என்று கத்திக்கொண்டே வாசலுக்கு ஓடித் தாழ்ப்பாளில் கை வைத்தார். கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

கை அப்படியே நின்றது.

அவளுடைய செருப்பு தரையைத் தொடவில்லை. ஒரு விரல் அளவு. மூக்குக் கண்ணாடி இருந்தது. அதற்குப் பின்னால் கண் இல்லை. மூக்கு இல்லை. வாய் இல்லை. வழவழவென்று தோல் மட்டும்.

அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. அதே பை. அதே ஈரமுடி. அதே காலை அதே நேரத்தில் எடுத்து வைத்தாள். அப்புறம் மூன்று பேர். அப்புறம் எண்ண முடியவில்லை. கேட் திறந்தது. படி நிறைந்தது. ஒரு சத்தமும் இல்லை. உள்ளே விசிறி நின்றுபோயிருந்தது.

"அப்பா, நான் வாசல்ல நிக்கறேன்." போனில் அவள் அழுதுகொண்டிருந்தாள். "கதவத் தெறங்க. பயமா இருக்கு. எனக்கு ஒண்ணுமே சரியா தெரியல."

ஒருத்தி அவள். இவர்களில் ஒருத்தி அவள். பெற்றவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

"வாலு," என்றார். மறுபடி சொன்னார். "வாலு, கைய ஆட்டுடா கண்ணு. நீ எதுன்னு அப்பாவுக்குக் காட்டு."

வாசலில் இருந்த அத்தனை கைகளும் ஒன்றாக உயர்ந்து, ஒன்றாக ஆடின.