மணவாளன் சொன்னது

பாகூர் ஏரிக்கரையிலிருந்து இறங்கும் மண்பாதையில் கடைசி வீடு அது. சீமை ஓடு வேய்ந்த பழைய வீடு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் பக்கத்தில் சொல்தா என்பார்கள். அதனால் அந்த வீட்டுக்கு சொல்தா வூடு என்று பெயர். 1982 ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை பகல் மூன்று மணிக்கு, கைப்பையில் நான்கு கேசட்டுகளோடு முதல் தடவையாக அங்கே போனேன்.

என் பெயர் சுரையா. பாகூரில் பள்ளிக்கூட ஆசிரியை. அந்த வீட்டுக்காரர் சிங்காரவேலு, என்னோடு வேலை பார்க்கும் கஸ்தூரியின் அப்பா. சர்க்கரை நோயில் அவருக்கு இரண்டு கண்ணும் போய்விட்டது. பார்வை இருந்த காலத்தில் ராணுவ கோர்ட்டுக் கதைகளாகத் தேடித் தேடிப் படித்தவர்.

"நான் படிச்சா பசங்களை அதட்டுற மாரி இருக்குதாம். உன் கொரல் நல்லா இருக்கும். படிச்சி டேப்புல புடிச்சிக் குடு சுரையா" என்று கஸ்தூரி கேட்டாள். என் கொழுந்தன் துபாயிலிருந்து கொண்டுவந்த டேப் ரிக்கார்டர் எங்களிடம் இருந்தது. அவள் தம்பி பிரான்சிலிருந்து அனுப்பியது அவர்களிடம் இருந்தது. எனக்கும் படிக்கப் பிடிக்கும். சரி என்றேன். முதல் நாவல்தான் அந்த நான்கு கேசட்டுகள்.

சிங்காரவேலு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு கேட்டார். அசையவே இல்லை. கேசட்டின் ஒரு பக்கம் முடிந்ததும் சொன்னார்:

"வக்கீல் கேள்வி கேக்குற எடத்துல நல்லா நிறுத்துறீங்க டீச்சர். கேள்வி கேட்டுட்டு ஒரு மூச்சு வுடணும். அப்பத்தான் சாட்சிக்குப் பயம் வரும்."

"நீங்க அந்த மாதிரி கோர்ட்டைப் பாத்திருக்கீங்களா ஐயா?"

"ஒரே ஒரு வாட்டி."

மேலே சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் வேறு ஏதோ சொன்னார்.

"கதையில பாருங்க, எப்பிடியும் கடைசில உண்மை வெளிய வந்துடுது. அதுக்குத்தான் கேக்குறேன்."

இரண்டாவது நாவலில், காவலை விட்டுப் போனதாக பிரதாப் என்ற ஒரு சிப்பாய் மீது வழக்கு. மே மாத லீவில் இரண்டு பகல் உட்கார்ந்து படித்து அனுப்பினேன். மறுநாளே கஸ்தூரி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். முகம் சரியில்லை.

"ஏன்டி அந்தப் பேரை மாத்திப் படிச்சே?"

"எந்தப் பேரை?"

"பிரதாப்னுதான புக்குல இருக்குது? டேப்புல மணவாளன்னு வருது. அப்பா சாப்பிட மாட்டேங்குறாரு."

எனக்குச் சிரிப்புதான் வந்தது. மணவாளன் என்று எனக்கு யாரையும் தெரியாது. அவள் கொண்டுவந்திருந்த கேசட்டை அங்கேயே போட்டுக் கேட்டோம். பிரதாப் என்றுதான் இருந்தது. முதலிலிருந்து கடைசிவரை பிரதாப். கஸ்தூரி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். நான் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தேன்.

என் வீட்டுக்காரர் ரஷீத், கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், எதையும் நேரில் பார்த்தால்தான் நம்புவார். "அவங்க மிஷின்ல இன்னாவோ கோளாறு. வா, நானும் வரேன்" என்று கிளம்பினார்.

அன்று கத்திரி வெயில். ஏரி வறண்டு சேறு வெடித்துக் கிடந்தது. சொல்தா வீட்டுக்குள் நுழைந்ததும் ஒரு வாசனை அடித்தது. மழையில் நனைந்த கம்பளியின் வாசனை. அந்த வீட்டில் கம்பளியே இல்லை என்று கஸ்தூரி சொன்னாள்.

சிங்காரவேலு அதே நாற்காலியில், அதே மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ரஷீத் கேசட்டைப் போட்டார்.

"குற்றம் சாட்டப்பட்டவர் பெயர்?"

என் குரல். நான் படித்த வரிதான்.

ஒரு மூச்சு இடைவெளி.

"மணவாளன். ஊர் கரிக்கலாம்பாக்கம்."

அதுவும் என் குரல்தான். நான் படிக்காத வரி. கையோடு கொண்டுபோயிருந்த புத்தகத்தில் அந்தப் பக்கத்தை விரல் வைத்துத் தேடினேன். அதில் பிரதாப் என்றுதான் இருந்தது.

"காவலை விட்டு எங்கே போனாய்?"

இடைவெளி. இந்தத் தடவை நீளமான இடைவெளி. டேப் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குள்ளே மழை பெய்கிற சத்தம் கேட்டது. தவளைகள் கத்தின. யாரோ காய்ச்சலில் பல் தந்தியடிக்கிற மாதிரி ஒரு சின்னச் சத்தம். பிறகு ஒரு ஆண் ஏதோ சொன்னான். தமிழ்தான். மழையில் ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை.

அவன் முடித்ததும் என் குரல் சொன்னது:

"மொழிபெயர்ப்பாளர் சொல்லலாம்."

ரஷீத் சட்டென்று ஸ்டாப் பட்டனை அழுத்தினார். வீடு அமைதியாகிவிட்டது. கம்பளி வாசனை மட்டும் போகவில்லை.

"நிறுத்தாதீங்க பாய்" என்றார் சிங்காரவேலு. பார்வையில்லாத அந்த முகம் டேப் ரிக்கார்டரைப் பார்த்தபடியே இருந்தது. "என்னைத்தான் கேக்குது."

அன்று அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அம்பத்திரெண்டுல, வியட்நாம்ல, ஆத்தோரமா ஒரு காவல் கொட்டாய். மணவாளனுக்குக் காச்சல். ஒடம்பு நெருப்பா கொதிக்குது, கம்பளியப் போத்திக்கினு மழையில நிக்கிறான். அவன் காவல் முடிஞ்சி நான் போய் மாத்தணும். நான் குடிச்சிட்டுப் படுத்துட்டேன். ரெண்டு மணி நேரம் பாத்துட்டு, என்னை எழுப்ப நடந்து வந்திருக்கான். அந்த நேரம் பாத்து எதிரிங்க ஆத்துப் பக்கமா வந்து அடிச்சிட்டானுங்க. எங்க ஆளுங்க நாலு பேரு செத்தாங்க. அவன் மேல கேஸு.

"அவனுக்கு பிரெஞ்சு வராது. அந்த முகாம்ல தமிழும் பிரெஞ்சும் தெரிஞ்ச புதுச்சேரிக்காரன் நான் ஒருத்தன்தான். என்னையே மொழிபெயர்க்கச் சொல்லிட்டாங்க. கோர்ட்டுல அவன் என் மூஞ்சியப் பாத்துக்கினே தமிழ்ல சொன்னான், 'நீ வரல, உன்னை எழுப்பத்தான் போனேன்'னு. நான் பிரெஞ்சுல, 'எனக்குப் பயமா இருந்துச்சி, ஓடிட்டேன்'னு சொல்றான்னு சொன்னேன். அவன் தலைய ஆட்டினான் டீச்சர். நான் சரியாத்தான் சொல்றேன்னு நெனச்சி, ஆமா ஆமான்னு தலைய ஆட்டினான்."

கஸ்தூரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆறு வருசம் ஜெயில் போட்டாங்க. ரெண்டாவது வருசமே அங்கயே செத்துட்டான். அவன் பொண்டாட்டி தையலம்மா கரிக்கலாம்பாக்கத்துல கெடக்குறா. ஓடிப்போனவன் பொண்டாட்டின்னுதான் ஊருல பேரு. அவ பொண்ணைக்கூட அதை வெச்சே ரெண்டு எடத்துல வேணாம்னுட்டாங்க."

பிறகு அவரே சொன்னார், "புதுக் கேசட்டு போடு கஸ்தூரி. என் வாயாலயே பேசிப் பதியறேன். அதுக்குத்தான அது கேக்குது. குடுத்துட்டா வுட்டுடும்."

பதிவு செய்தோம். இப்போது சொன்னதையே, இன்னும் தெளிவாக, பெயர் ஊர் வருஷத்தோடு சொன்னார். முடிந்ததும் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கின மாதிரி பெருமூச்சு விட்டார். கஸ்தூரி டேப்பை முதலுக்குச் சுற்றி ஓடவிட்டாள்.

அவர் குரல்தான்.

"மணவாளன் சொல்கிறான். எனக்குப் பயமாக இருந்தது. ஓடிவிட்டேன்."

அவ்வளவுதான். மீதியெல்லாம் மழை.

மறுபடி பதிவு செய்தோம். மறுபடி அதே வரி. மூன்றாவது தடவை, அவர் கத்திக் கத்திச் சொன்னார். தொண்டை கட்டிப் போயிற்று. டேப்பில் அதே வரி, அதே நிதானத்தில், கொஞ்சமும் தொண்டை கட்டாத குரலில்.

"மிஷினை வுடுங்க. நேர்ல போய் அவ கால்ல வுழுந்து சொல்றேன்" என்றார்.

மறுநாள் காலையில் வாடகைக் கார் வைத்துக்கொண்டு கரிக்கலாம்பாக்கம் போனோம். நான், கஸ்தூரி, அவர். ரஷீத் கடைக்குப் போய்விட்டார். தையலம்மாள் போர்வெல் தண்ணீர் பாயும் ஒரு வயலில் நடவு நட்டுக்கொண்டிருந்தாள். முழங்கால் வரை சேற்றோடு வரப்பேறி வந்தாள். ஒல்லியான உடம்பு. காரைப் பார்த்ததும் அவளுக்குக் கொஞ்சம் பயம்.

"யாரு நீங்கள்லாம்?"

"உன் புருசன்கூட இருந்தவன்மா நான். சிங்காரவேலு."

அவள் இடுப்பில் செருகியிருந்த முந்தானையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். அந்த முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். முப்பது வருஷத்தில் அவள் புருஷனைப் பற்றிப் பேச வந்த முதல் ஆள் அவர்.

சிங்காரவேலு கையெடுத்துக் கும்பிட்டார். அவர் உதடுகள் அசைந்தன. நான் பக்கத்தில் நின்றதால் நன்றாகப் பார்த்தேன். 'அவன் மேல தப்பு இல்ல' என்றுதான் அந்த உதடுகள் அசைந்தன.

கேட்டது வேறு.

"அவனுக்குப் பயம்மா. ஓடிட்டான்."

அவர் திடுக்கிட்டுத் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். கையை எடுத்துவிட்டு மறுபடி சொன்னார். அதேதான் வந்தது. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். வரப்பில் மண்டியிட்டார். வாயைத் திறந்தபோதெல்லாம் அதேதான் வந்தது.

நான் முன்னால் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "இல்லம்மா, உங்க வீட்டுக்காரரு தப்பு பண்ணல, இவர்தான் மாத்திச் சொல்லிட்டாரு" என்று சொன்னேன்.

சொன்னேன். என் நாக்கு அந்த வார்த்தைகளுக்குத்தான் புரண்டது. அல்லாவின் மேல் ஆணை.

என் காதில் விழுந்தது: "ஆமாம்மா. உங்க வீட்டுக்காரரு பயந்து ஓடிட்டாரு."

தையலம்மாள் கையை உருவிக்கொண்டாள். அவள் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"இதைச் சொல்லவா கார் வெச்சிக்கினு வந்தீங்க? ஊரே சொல்லிக்கினுதான இருக்குது" என்றாள். சேற்றில் இறங்கி, விட்ட இடத்திலிருந்து நட ஆரம்பித்தாள்.

திரும்பி வரும்போது காருக்குள் நனைந்த கம்பளி வாசனை வந்தது. டிரைவர் கண்ணாடியை இறக்கிவிட்டார்.

அதற்குப் பிறகு சிங்காரவேலு பேசவில்லை. பேசினால் என்ன வரும் என்று அவருக்குத் தெரியும். சாப்பாட்டையும் நிறுத்திக்கொண்டார். பத்தாவது நாள் மத்தியானம் செத்துப்போனார். கடைசியில் உதடு அசைந்ததாம். கஸ்தூரி காதை வைத்துக் கேட்டிருக்கிறாள். என்ன கேட்டது என்று அவள் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ராத்திரி பகல் எந்நேரமும் எனக்கு ஒரே யோசனைதான். அது மணவாளனின் ஆவியாக இருந்தால் உண்மை வெளியே வரவேண்டும் என்றுதானே நினைக்கும்? தன் பெண்டாட்டியிடம் தன்னையே கோழை என்று சொல்லுமா?

அப்படியானால் அது யார்?

ரஷீதிடம் கேட்டேன். அவர்தான் அன்று கூட இருந்தாரே, எல்லாவற்றையும் காதால் கேட்டாரே.

"அதான் சிங்காரவேலுவே சொன்னாரே, அந்தாளு பயந்து ஓடிட்டான்னு. நீ ஏன் அதையே போட்டுக் கொழப்பிக்கிற?" என்றார். என்னை ஏமாற்றுகிறவர் இல்லை அவர். அவருக்கு அப்படித்தான் ஞாபகம் இருந்தது.

எழுதினால் மட்டும் மாறவில்லை என்பதைப் பிறகுதான் கண்டுபிடித்தேன். ஒரு தாளில் எழுதிவிட்டு, மறுநாள் எடுத்துப் பார்த்தேன். நான் எழுதினது எழுதினபடியே இருந்தது. உட்கார்ந்து தையலம்மாளுக்கு நாலு பக்கம் கடிதம் எழுதினேன். ஒன்றையும் விடவில்லை. தபாலில் போட்ட அன்று எனக்குக் கொஞ்சம் தூக்கம் வந்தது.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்து இரண்டாவது வாரம். மத்தியானச் சாப்பாட்டு நேரம். பிள்ளைகளெல்லாம் வெளியே வேப்பமரத்தடியில் இருந்தார்கள். நான் மட்டும் வகுப்பில் தனியாக இருந்தேன். வாசலில் தையலம்மாள் வந்து நின்றாள். வெளுத்த சேலை, கையில் என் கடிதம்.

"டீச்சரம்மா, நேர்ல சொன்னது பத்தாதுன்னு எழுதி வேற அனுப்பணுமா? நான் உங்களுக்கு இன்னா பண்ணேன்?"

"இல்லம்மா, இதுல..." என்று ஆரம்பித்தவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். கடிதத்தை வாங்கிப் பிரித்தேன். என் கையெழுத்து. நான் எழுதின உண்மை, ஒரு எழுத்துகூட மாறாமல். அந்த வரியை விரலால் தொட்டு அவளுக்குக் காட்டினேன்.

"எனக்குப் படிக்கத் தெரியாதும்மா. போஸ்ட்டுமேன்கிட்ட குடுத்தேன். அப்புறம் பக்கத்து வூட்டு ஆரோக்கியத்துகிட்ட குடுத்தேன். என் பொண்ணும் படிச்சா. மூணு பேரும் பயந்து ஓடிட்டாருன்னு ஒண்ணேதான் படிச்சாங்க."

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். களைத்துப்போயிருந்தாள். கரிக்கலாம்பாக்கத்திலிருந்து நடந்தே வந்திருப்பாள்.

"எழுதினவங்க நீங்க. வேற இன்னா எழுதியிருக்கீங்களோ, நீங்களே படிங்க. கேட்டுக்குறேன்."

நான் முடியாது என்று தலையை ஆட்டினேன். இரண்டு கையாலும் வாயை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். என் உதடுகள் என் உள்ளங்கையில் அசையாமல் இருந்தன. எனக்கு நன்றாகத் தெரியும், அவை அசையவே இல்லை.

கரும்பலகைப் பக்கமிருந்து, தெளிவாக, நிறுத்தி நிறுத்தி, என் குரல் படிக்க ஆரம்பித்தது: "அவருக்குப் பயமாக இருந்தது. ஓடிவிட்டார்."

தையலம்மாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, ஒவ்வொரு வரிக்கும் மெதுவாகத் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.